பாளையங்கோட்டையில் நாய்களுக்கென்று ஒரு சமையற்கூடம்: தராசும் முட்டையோட்டுப் பொடியும்

பாளையங்கோட்டையில் பெருமாள்புரத்தை ஒட்டிய ஒரு குடியிருப்புத் தெருவில், பெயர்ப்பலகை எதுவும் இல்லாத ஒரு வீட்டின் பின்கட்டில், நாய்களுக்கு மட்டும் சமைத்துத் தரும் சிறிய சமையற்கூடம் ஒன்று நடந்து வருகிறது. கணவனும் மனைவியுமாக இருவர் நடத்துகிறார்கள். உதவிக்கு ஓர் ஆள் இருக்கிறார். விளம்பரம் கிடையாது. நாய் வளர்ப்பவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லித்தான் அங்கே போகிறார்கள். வெளியில் பெயரைப் போட வேண்டாம் என்று அவர்கள் கேட்டுக்கொண்டதால் நானும் இங்கே குறிப்பிடவில்லை. எங்கள் வீட்டில் மணி என்ற சிப்பிப்பாறை ஒன்றும், செவலை என்ற வயதான நாட்டு நாய் ஒன்றும் உள்ளன. இரண்டுக்கும் சில மாதங்களாக அங்கிருந்து உணவு வாங்கியும், அவர்கள் எழுதிக் கொடுத்த அளவுப்படி வீட்டில் சமைத்தும் வருகிறோம். அந்த அனுபவத்தில் கண்ட நிறைகுறைகளை நாய் வளர்க்கும் மற்றவர்களும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அங்கே மூன்று வகை உணவு கிடைக்கிறது. கோழியும் அரிசியும் சேர்ந்தது ஒன்று, சாளை மீனும் சீனிக்கிழங்கும் சேர்ந்தது ஒன்று, முட்டையும் கேழ்வரகும் சேர்ந்தது ஒன்று. மூன்றும் 400 கிராம் டப்பாக்களில் வருகின்றன. இவை தவிர, வீட்டிலேயே சமைக்க விரும்புகிறவர்களுக்கு நாயின் எடையையும் வயதையும் கேட்டு ஓர் அளவுச் சீட்டு எழுதிக் கொடுத்து, அதனுடன் சேர்க்க வேண்டிய முட்டையோட்டுப் பொடியையும் தாதுப்பொடியையும் தனித்தனிப் பொட்டலமாகத் தருகிறார்கள். இந்தச் சீட்டும் பொட்டலங்களும்தான் அந்த இடத்தின் உண்மையான மதிப்பு என்பது என் கருத்து. டப்பா உணவு வசதிக்கானது. சீட்டோ, நம் பகுதியில் பெரும்பாலான வீடுகளில் நாய்க்குப் போடும் சாப்பாட்டில் எது குறைகிறது என்பதைக் கண்ணுக்கு முன் எடுத்து வைக்கிறது.

குறைவது கறியன்று. திருநெல்வேலிப் பக்கம் நாயிடம் பிரியமாக இருக்கும் வீடுகளில் கறிக்குப் பஞ்சமே இருப்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை எடுக்கும் கறியில் நாய்க்கென்று ஒரு பங்கு ஒதுக்கிவிடுவார்கள், மற்ற நாட்களில் கோழிக்கடையிலிருந்து கழிவுத் துண்டுகள் வரும். பிரியத்தோடு போடப்படும் கோழியும் சோறும் ஏன் போதாது என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தால்தான் விளங்கும். எலும்பு நீக்கி வேகவைத்த கோழிக்கறி 300 கிராம், வடித்த சோறு 400 கிராம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 1000 கலோரி தரும். 20 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு நாளைக்கு அது சரியான அளவுதான். புரதமும் வேண்டிய அளவுக்கு மேலேயே இருக்கிறது. ஆனால் அந்தச் சாப்பாட்டில் இருக்கும் கால்சியம் 100 மில்லிகிராம்கூடத் தேறாது. அமெரிக்காவில் நாய் உணவுக்குக் கடைப்பிடிக்கப்படும் ஆஃப்கோ அளவுகோலின்படி, வளர்ந்த நாய்க்கு ஒவ்வோர் 1000 கலோரி உணவிலும் குறைந்தது 1250 மில்லிகிராம் கால்சியம் இருக்க வேண்டும். அதே சாப்பாட்டில் பாஸ்பரஸ் மட்டும் 800 மில்லிகிராமுக்கு மேல் வந்துவிடுகிறது. கால்சியம் பாஸ்பரஸுக்குச் சமமாகவோ, இரண்டு மடங்கு வரையிலோ இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே அது பத்தில் ஒரு பங்குதான் இருக்கிறது. இரத்தத்தில் கால்சியம் குறையக் கூடாது என்பதற்காக உடம்பு தன் எலும்பிலிருந்தே அதை எடுத்துச் செலவழிக்கும். வெளியே பார்க்க நாய் கொழுகொழுவென்று இருக்கும், உள்ளே எலும்பு மெலிந்துகொண்டு வரும். வளரும் குட்டியாக இருந்தால் கால் வளைவதும், சிறிய துள்ளலில் எலும்பு முறிவதும் இதனால்தான்.

துத்தநாகத்தின் கதையும் இதுவே. 1000 கலோரிக்கு 20 மில்லிகிராம் வேண்டிய இடத்தில் கோழியும் சோறும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கைத்தான் தருகின்றன. தோல் தடித்துப் பொருக்குத் தட்டுவது, மூக்கையும் கண்ணையும் சுற்றி முடி கொட்டுவது, பாதத்தின் அடித்தோல் வெடிப்பது ஆகியவை அந்தக் குறையின் அடையாளங்கள். நம் ஊரில் பலரும் இதைச் சொறி என்று நினைத்து எண்ணெய் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாத் தோல் நோயும் உணவால் வருவதில்லை என்றாலும், உணவைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்காமல் களிம்பை மட்டும் மாற்றிக்கொண்டே போவது பாவப்பட்ட அந்தச் சீவனுக்குச் செய்யும் நியாயமாகாது.

இந்தக் குறை நம் ஊருக்கு மட்டும் உரியதும் அன்று. கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் கால்நடை மருத்துவப் பள்ளியைச் சேர்ந்தவர்கள், நூல்களிலும் இணையத்திலும் வெளிவந்த 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைச் சோதித்து 2013ஆம் ஆண்டு முடிவுகளை வெளியிட்டார்கள். அவற்றில் 95 விழுக்காட்டில் இன்றியமையாத சத்து ஒன்றாவது குறைந்திருந்தது. ஆஃப்கோ அளவுகள் அனைத்தையும் நிறைவு செய்தவை ஒன்பதே ஒன்பது. கால்நடை மருத்துவர்கள் எழுதிய குறிப்புகளிலும் குறைகள் இருந்தன. அன்போடு சமைத்தால் போதும், இயற்கையாக இருந்தால் போதும் என்று சொல்லி நாய் உணவு விற்கும் எவரையும் இந்த ஒரு முடிவை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அணுக வேண்டும். பெருமாள்புரத்துச் சமையற்கூடத்தையும் நான் அப்படித்தான் அணுகினேன்.

முதல் முறை போனபோது, என்னென்ன வகை இருக்கிறது, என்ன விலை என்று கேட்டேன். சமையலைக் கவனிக்கும் அம்மா அதற்குப் பதில் சொல்லவில்லை. "மொதல்ல எடையச் சொல்லுங்க அண்ணாச்சி, பெறவு சாப்பாட்டப் பத்திப் பேசுவோம்" என்றார். இருபது கிலோ இருக்கும் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். "இருக்கும்னுலாம் சொல்லாதிய. நீங்க ஒருக்கா தனியா ஏறி நில்லுங்க, பெறவு அவனத் தூக்கிட்டு ஏறுங்க, கழிச்சாத் தெரிஞ்சிரும்" என்று சொல்லி, திண்ணையில் கிடந்த எடை எந்திரத்தை இழுத்துப் போட்டார். மணி சரியாக இருபது கிலோ இருந்தான். அடுத்து ஒரு தாளில் அவர் போட்ட கணக்கு இது: எடையைக் கிலோவில் எழுதி, அதை மூன்று முறை எழுதிப் பெருக்கி (20 × 20 × 20), வரும் எண்ணுக்கு இரண்டு முறை வர்க்கமூலம் எடுத்து, அதை 70ஆல் பெருக்க வேண்டும். 20 கிலோவுக்கு 662 கலோரி வருகிறது. இது நாய் படுத்தே கிடந்தாலும் உடம்புக்குச் செலவாகும் ஆற்றல். கருத்தடை செய்த, வீட்டோடு இருக்கும் வளர்ந்த நாய்க்கு அதை 1.6ஆல் பெருக்க, ஆயிரத்துச் சொச்சம் கலோரி வருகிறது. கைப்பேசியில் உள்ள கணிப்பானிலேயே எவரும் போடக்கூடிய இந்தக் கணக்கு, கால்நடை மருத்துவர்கள் உலகம் முழுவதும் பயன்படுத்தும் கணக்குத்தான். அந்த அம்மா புதிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. வாடிக்கையாளரின் கண் முன்னால் அதைப் போட்டுக் காட்டி, தாளையும் கையில் கொடுத்தனுப்புகிறார் என்பதுதான் பாராட்டத்தக்கது.

மணிக்கு விலா எலும்பு தெரிகிறதே, இன்னும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாமா என்று என் மனைவி கேட்டதற்கு, கூடாது என்று அவர் அழுத்தமாகச் சொல்லிவிட்டார். சிப்பிப்பாறை முயல் விரட்டப் பிறந்த இனம். வயிறு ஒட்டி, இடுப்பு ஒடுங்கி, கடைசி ஒன்றிரண்டு விலா எலும்புகள் தெரியும்படி இருப்பதே அதற்கு அழகும் ஆரோக்கியமும் ஆகும். அதை உருட்டி வளர்த்தால் மெல்லிய கால்கள்தாம் அந்தப் பாரத்தைச் சுமக்க வேண்டும். கூடுதலாக விற்றால் கூடுதல் வருமானம் வரும் இடத்தில் இப்படிச் சொல்வதற்கு மனம் வேண்டும்.

சமையல் நடக்கும் இடத்தைப் பார்க்க அனுமதிக்கிறார்கள். அரிசி அம்பை 16. குண்டரிசியான அதை நாம் இட்லிக்குப் போடுவோம். இங்கே வழக்கத்தைவிட அதிக நேரம் குழைய வேகவைக்கிறார்கள், நாய் மென்று தின்னாமல் விழுங்குவதால் குழைந்த சோறுதான் நன்றாகச் செரிக்கும். பூசணி, கேரட், பீன்ஸ் மூன்றையும் பொடியாக நறுக்கி ஆவியில் வேகவைத்து மசித்துச் சேர்க்கிறார்கள். முருங்கைக்கீரை கிடைக்கிற நாளில் அதுவும் ஒரு கைப்பிடி சேரும். காய்கறி மகாராஜ நகர் உழவர் சந்தையிலிருந்து வருகிறது. கோழியில் தோலையும் எலும்பையும் நீக்கிவிடுகிறார்கள். ஈரல் ஒரு டப்பாவுக்கு 20 கிராம் அளவில்தான் சேர்கிறது. ஈரலில் வைட்டமின் ஏ மிகுதி. நாய் விரும்பித் தின்கிறது என்று தினமும் ஈரலாகவே போட்டு வந்தால் அந்த வைட்டமின் உடம்பில் சேர்ந்து எலும்பு மூட்டுகளைக் கெடுக்கும் என்பதால் இந்தக் கட்டுப்பாடு சரியானது. உப்பு ஒரு சிட்டிகை. மஞ்சள் உண்டு. வெங்காயம், பூண்டு, புளி, மிளகாய் ஆகியவை அந்தச் சமையலறைக்குள்ளேயே வருவதில்லை.

கடைசியாகச் சொன்ன இந்த விலக்கைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நம் வீடுகளில் நாய்க்குப் போவது பெரும்பாலும் குழம்புச் சோறுதான். வெங்காயமும் பூண்டும் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்துச் சோகையை உண்டாக்கும். வேகவைத்தாலும் வதக்கினாலும் பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை. ஒரு நாள் தின்றதில் ஒன்றும் ஆகவில்லை என்பதைச் சான்றாகக் கொள்ளக் கூடாது, சிறிது சிறிதாகத் தொடர்ந்து உள்ளே போனாலும் பாதிப்பு வரும். புளியைப் பற்றிய எச்சரிக்கை அண்மைக்காலத்தது. திராட்சையும் உலர்திராட்சையும் நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும் என்பது நெடுநாளாகத் தெரியும், எதனால் என்பது மட்டும் தெரியாமல் இருந்தது. 2021ஆம் ஆண்டு அமெரிக்கக் கால்நடை நஞ்சியல் மருத்துவர்கள், திராட்சையில் மிகுதியாக உள்ள டார்டாரிக் அமிலமே காரணமாக இருக்கக்கூடும் என்று எழுதினார்கள். அதே அமிலம் நிறைந்த புளியைத் தின்ற நாய்களுக்கும் அதே வகையான சிறுநீரகப் பாதிப்பு ஏற்பட்டதை எடுத்துக்காட்டினார்கள். புளிக்குழம்பும் ரசமும் இல்லாத நாள் நம் வீடுகளில் குறைவு. வட்டிலில் மிஞ்சியதை வழித்து நாய்க்குப் போடும் பழக்கத்தை இதற்காகவாவது விட்டுவிட வேண்டும். கருவாட்டுத் தலையும் அவ்வாறே, அதில் இருக்கும் உப்பு நாய்க்கு ஆகாது. வேகவைத்த எலும்பு பிளந்து கூராகி, தொண்டையிலும் குடலிலும் குத்தும். எலும்பில்தான் கால்சியம் இருக்கிறது என்று குழம்பில் வெந்த எலும்பைப் போடுவது, ஒரு குறையைத் தீர்க்கப் போய் வேறோர் ஆபத்தை வரவழைப்பதாகும்.

அந்தக் கால்சியத்திற்கு இவர்கள் கையாளும் வழி முட்டையோடு. சுற்றுவட்டாரத்து இட்லிக் கடைகளிலிருந்தும் அடுமனைகளிலிருந்தும் ஓடுகளை வாங்கி வந்து, கழுவி, பத்து நிமிடம் கொதிக்கவைத்து, உள்பக்கத்துச் சவ்வை உரித்து, மொட்டைமாடியில் வெயிலில் காயவைக்கிறார்கள். ஓடு கையில் எடுத்து நொறுக்கினால் சலசலவென்று உடையும் பதம் வந்த பிறகு மிக்சியில் அரைத்து, மெல்லிய துணியில் சலிக்கிறார்கள். கப்பி நின்றால் திரும்பவும் மிக்சிக்குப் போகும். விரலிடுக்கில் தேய்த்துப் பார்த்தேன், கோலமாவைவிட நைசாக இருந்தது. முட்டையோட்டில் ஏறத்தாழ 38 விழுக்காடு கால்சியம். எனவே மேலே சொன்ன 1000 கலோரி கோழிச் சோற்றுக்கு மூன்று கிராமுக்குச் சற்றுக் கூடுதலாக, அதாவது சிறிய தேக்கரண்டியில் ஏறத்தாழப் பாதி போதும். அதைக் கரண்டியில் குவித்துப் போடாமல், கத்தி முனையால் வழித்துச் சமன் செய்து, பிறகு மில்லிகிராம் காட்டும் சிறு தராசில் ஒரு முறை வைத்துச் சரிபார்த்துப் போடுகிறார்கள். சாளை உணவுக்கு இந்த அளவு குறைகிறது. தூத்துக்குடிப் பக்கத்துக் கடலோரத்திலிருந்து வரும் சாளையைத் தலையும் குடலும் நீக்கி, முள் மாவாக மசியும் வரை குக்கரில் வேகவைத்து அப்படியே சேர்ப்பதால், முள்ளிலிருந்தே ஒரு பங்கு கால்சியம் கிடைத்துவிடுகிறது. அத்துடன், வைட்டமின் டியும் ஒமேகா 3 கொழுப்பும் மீனிலேயே இருக்கின்றன. எல்லா உணவுக்கும் ஒரே கரண்டி என்று வைத்துக்கொள்ளாமல் உணவுக்கு ஏற்றபடி பொடியின் அளவை மாற்றும் இந்த ஒரு பழக்கத்திற்காகவே நான் அவர்களை நம்பத் தொடங்கினேன்.

கேழ்வரகு உணவைப் பற்றித் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். "நம்ம ஊரு நாயெல்லாம் கூழு குடிச்சு வளந்ததுதான், இதுக்குப் போயி கணக்கா?" என்று கேட்காத உறவினர் இல்லை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 350 மில்லிகிராம் கால்சியம் உண்டு, அரிசியோடு ஒப்பிடவே முடியாது. அந்த வகையில் கேழ்வரகுக் கூழ் குடித்த நாய், வெறும் சோறு தின்னும் இன்றைய நாயைவிட நல்ல நிலையில்தான் இருந்திருக்கும். ஆனால் கேழ்வரகில் உள்ள ஃபைட்டிக் அமிலம் துத்தநாகத்தையும் கால்சியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு உடம்பில் சேரவிடாது. கரைத்துப் புளிக்கவைத்தால் அது ஓரளவு குறையும். நம் முன்னோர் கூழைப் புளிக்கவைத்தே காய்ச்சினார்கள். இந்தச் சமையற்கூடத்திலும் மாவை முதல் நாளே கரைத்து வைத்துத்தான் காய்ச்சுகிறார்கள். அதோடு, கரிசல் காட்டில் அவிழ்த்துவிடப்பட்ட நாய் கூழ் மட்டும் குடிக்கவில்லை. முயலும் எலியும் அணிலும் பிடித்து, எலும்பும் ஈரலும் குடலுமாக முழுதாகத் தின்றது. கேட்டுக்குள் கட்டிக்கிடக்கும் நாய்க்கு அந்த வழி இல்லை. அதன் வட்டிலில் நாம் போடுவதைத் தவிர வேறு கதி கிடையாது.

பொடிகளில் இரண்டாவதான தாதுப்பொடி, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, அயோடின், வைட்டமின் டி, வைட்டமின் ஈ ஆகியவை சேர்ந்தது. இவற்றைக் காய்கறியாலும் கறியாலும் மட்டும் நிரப்புவது எளிதன்று என்பதால் இப்படி ஒன்று தேவைதான்; இதைச் சேர்க்காமல் முழுமையான வீட்டுச் சாப்பாடு என்று எவராவது விற்றால் வாங்காதீர்கள் என்றே சொல்வேன். என்னுடைய பெரிய மனக்குறையும் இந்தப் பொடியைப் பற்றியதே. பொட்டலத்தின் மேல் சேர்க்கைகளின் பெயர்கள் இருக்கின்றன, அளவுகள் இல்லை. கேட்டால் ஒரு நோட்டைத் திறந்து ஒவ்வொன்றும் எத்தனை மில்லிகிராம் என்று காட்டுகிறார்கள், ஒரு கால்நடை மருத்துவர் எழுதிக் கொடுத்த கலவை அது என்றும் சொல்கிறார்கள். நோட்டில் இருப்பதைப் பொட்டலத்தில் அச்சிடுவதற்கு என்ன தடை? நாய்க்குத் திடீரென்று உடம்புக்கு முடியாமல் போய், இராமையன்பட்டியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடும் நேரத்தில், என்ன கொடுத்தீர்கள் என்று மருத்துவர் கேட்டால் காட்டுவதற்குக் கையில் அந்தப் பொட்டலம்தானே இருக்கும். செம்பும் வைட்டமின் டியும் கூடினாலும் கேடு செய்பவை. இதை அவர்களிடம் நேரிலும் சொல்லியிருக்கிறேன்.

இரண்டாவது குறை, குட்டிகளுக்கு அவர்கள் தரும் உணவு. வளர்ந்த நாய்க்கான அதே கோழிச் சோற்றைப் பொடியின் அளவை மட்டும் கூட்டிக் குட்டிக்கும் தருகிறார்கள். வளரும் குட்டிக்கு 1000 கலோரிக்குக் குறைந்தது 3 கிராம் கால்சியம் வேண்டும். பெரிய உடம்பாக வளரும் இனங்களுக்கு அது 4.5 கிராமைத் தாண்டவும் கூடாது. இளங்குட்டியின் குடலுக்கு, வேண்டாத கால்சியத்தைத் தள்ளிவிடும் திறமை வளர்ந்த நாய்க்கு இருப்பதைப் போல இருப்பதில்லை, கூடுதலாகக் கொடுத்தால் கூடுதலாகவே உள்ளே போய்விடும். குறைந்தாலும் கால் கோணும், கூடினாலும் கோணும். இராசபாளையம், கோம்பை முதலிய பெரிய நாய்களின் குட்டிகளை வளர்ப்பவர்கள், ஆறு மாதம் வரையிலாவது, வளரும் குட்டிகளுக்கென்றே ஆஃப்கோ அளவுப்படி செய்யப்பட்ட நல்ல பொதியுணவைக் கொடுப்பதே பாதுகாப்பு என்று நினைக்கிறேன். வீட்டுச் சாப்பாடு என்றாலே உயர்வு, பொதியுணவு என்றாலே தாழ்வு என்ற பேச்சில் எனக்கு உடன்பாடு இல்லை. அளவு சரியாக இல்லாத வீட்டுச் சாப்பாட்டைவிட, அளவு சரியாக உள்ள பொதியுணவு பல மடங்கு மேலானது.

அவர்கள் தரும் துண்டுச் சீட்டில், தானியமில்லாத உணவும் விரைவில் வரும் என்று ஒரு வரி இருக்கிறது. அதை எடுத்துவிடலாம். ஓநாயிலிருந்து பிரிந்து மனிதனோடு வாழத் தொடங்கிய நாய்க்கு மாவுச்சத்தைச் செரிக்கும் அமிலேஸ் நொதிக்கான மரபணுப் படிகள் பெருகியிருப்பதை 2013ஆம் ஆண்டு வெளியான ஆய்வு காட்டியது. வெந்த அரிசி நாய்க்கு நன்றாகவே செரிக்கும். மறுபுறம், தானியத்தை நீக்கிவிட்டுப் பயறு வகைகளை நிரப்பிய உணவுகளுக்கும் நாய்களின் இதயத்தசை நோய்க்கும் தொடர்பு உண்டா என்று அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிருவாகம் 2018ஆம் ஆண்டு விசாரணையே தொடங்கியது. தானியமில்லாத உணவு என்பது தேவையில்லாமல் வந்த மோகம். அம்பை அரிசி கைக்கெட்டும் ஊரில் இதற்கு இடமே இல்லை.

செவலையின் காரியத்தில் அவர்கள் நடந்துகொண்ட விதம் எனக்கு மிகவும் பிடித்தது. வயதான நாய் என்றதும், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், யூரியா அளவுகளை இரத்தத்தில் பார்த்து வரும் வரை எதுவும் தர மாட்டோம் என்றார்கள். சிறுநீரகம் தளர்ந்த நாய்க்குப் பாஸ்பரஸ் குறைவான உணவே ஆகும் என்பதால் கோழியும் மீனும் நிறைந்த வழக்கமான டப்பா அதற்குக் கேடாக முடியலாம். சோதனை முடிவு சிறுநீரகம் சற்றே தளர்ந்திருப்பதைக் காட்டியது. அதைப் பார்த்ததும், இதற்கு நாங்கள் சீட்டு எழுதக் கூடாது, மருத்துவர்தான் எழுத வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகு, முட்டை வெள்ளையும் சோறும் பூசணியும் முதன்மையாக வைத்து, அவர் குறித்த அளவில் அவளுக்குத் தனியாகச் சமைத்துத் தருகிறார்கள். பல் போன அவளுக்காகக் கூடுதலாக மசித்தும் தருகிறார்கள், அதற்குத் தனிக் காசு வாங்குவதில்லை.

மணியைப் பொறுத்தவரை, பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டி ஒரு வாரத்திற்குமேல் எடுத்துக்கொண்டு மாற்றினோம். தொடக்கத்தில் மலம் இளகியது, பிறகு கட்டிப்பட்டது. எடை அசையாமல் நிற்கிறது. காதோரத்தில் இருந்த வறட்டுப் பொருக்கு உதிர்ந்து முடி படிந்திருக்கிறது. உணவால் மட்டுமே இது நடந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன், இடையில் உண்ணி மருந்தும் மாற்றினோம். சாளை நாளில் வட்டிலை நக்கித் துடைத்துவிடுகிறான். கேழ்வரகு நாளில் கொஞ்சம் யோசித்துத்தான் வாயை வைக்கிறான்.

விலை, ஒரு டப்பா 80 ரூபாய். மணிக்கு நாளுக்கு இரண்டு டப்பா வேண்டியிருப்பதால் மாதம் முழுவதும் வாங்குவது நடுத்தரக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகாது. சீட்டையும் பொடிகளையும் வாங்கிக்கொண்டு வீட்டில் சமைத்தால் ஏறத்தாழப் பாதிச் செலவில் முடிகிறது. நாங்கள் வாரத்தில் பெரும்பாலான நாட்களுக்கு வீட்டில் சமைத்து, சாளையை மட்டும் அங்கே வாங்குகிறோம். வீட்டில் சமைப்பவர்கள் சீட்டில் உள்ளதை மாற்றக் கூடாது என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும். இன்று கோழிக்குப் பதில் பருப்பு, நாளை பொடி தீர்ந்துவிட்டது பரவாயில்லை என்று கைக்கு வந்தபடி மாற்றத் தொடங்கினால், சீட்டு வாங்கியதற்கே பொருளில்லாமல் போய்விடும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து தரும் ஏற்பாடு சித்திரை, வைகாசி வெயிலுக்கு ஏற்றதாக இல்லை. சமைத்த உணவை அகலமான தட்டுகளில் பரப்பி, மின்விசிறிக்கடியில் ஆறவைத்து, குளிரவைத்துத்தான் டப்பாவில் அடைக்கிறார்கள். அதில் குற்றம் காண முடியாது. ஆனால் நடுப்பகலில் இருசக்கர வண்டியில் சாதாரணத் துணிப்பையில் வரும் டப்பா, வீடு சேரும்போது வெதுவெதுப்பாக இருக்கிறது. வெந்த சோறு அந்தச் சூட்டில் கிடந்தால் கிருமி பெருகும். ஐஸ் வைத்த பெட்டியில் அனுப்பலாம் அல்லது காலை எட்டு மணிக்குள் முடித்துவிடலாம். அவர்கள் மாற்றும் வரை நான் நேரில் போய் வாங்கிக்கொள்கிறேன். டப்பாவின் மேல் சமைத்த தேதி இருக்கிறது, கலோரி அளவு இல்லை. அதையும் போட்டால் வீட்டில் வேறு யாராவது உணவு வைக்கும் நாளில் குழப்பம் வராது. குளிர்பதனப் பெட்டியில் மூன்று நாள் வரை வைக்கலாம் என்கிறார்கள். நாங்கள் இரண்டு நாளைக்கு மேல் வைப்பதில்லை, மின்சாரம் போய்ப் போய் வரும் நாட்களில் அதுவும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை விடுமுறை. மீன் வரத்து இல்லாத நாட்களிலும், மீன்பிடித் தடைக்காலத்திலும் சாளை டப்பா கிடைப்பது நிச்சயமில்லை, முதல் நாள் மாலையே கேட்டுவிட வேண்டும். முதன்முறையாகப் போகிறவர்கள் நாயையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஏழு வயதைத் தாண்டிய நாயாக இருந்தால் இரத்தப் பரிசோதனை முடிவையும், ஏதேனும் மருந்து கொடுத்துக்கொண்டிருந்தால் அதன் அட்டையையும் எடுத்துப் போனால் அன்றைக்கே சீட்டு எழுதித் தருவார்கள். தாதுப்பொடி வாங்கும்போது, நோட்டில் உள்ள அளவுகளைக் கேட்டு, பொட்டலத்தின் மேலேயே பேனாவால் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.